வரைந்து திறந்த கண்கள்

நாம் வளர்ந்த வீடுகளின் சுவர்களில் எத்தனை நிழற்படங்கள் தொங்கின என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள், என் வயதொத்த நண்பர்களே. திருஇருதய ஆண்டவர் படம் ஒன்று. அதன் அருகே மளிகைக்கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி. வசதி இருந்திருந்தால் மணமக்கள் படம். அவ்வளவே. இன்று ஒரு காலைப் பொழுதுக்குள் என் கைப்பேசியில் வந்து குவியும் படங்கள், நம் பெற்றோர் தம் வாழ்நாளெல்லாம் கண்டவற்றினும் மிகுதி.

இந்தத் தவக்காலத்தில் சிங்கப்பூரை அடுத்த ஸ்கூடாயில் எங்கள் பங்குக் கோவிலின் கைப்பேசிப் புலனக் குழுவில் புதிய வழக்கம் ஒன்று தொடங்கியிருக்கிறது. நாளுக்கு ஒருவர், தம் அன்றாட வாழ்விலிருந்து ஒரு நிழற்படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதில் தாம் கண்ட விசுவாசப் பாடத்தை இரண்டொரு வரிகளில் எழுதவும் வேண்டும். விடியுமுன் சிங்கப்பூர்ப் பாலத்தில் நெருக்கியடித்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் படமெடுத்த ஓர் இளைஞர், பொறுமையைப் பற்றி எழுதினார். ஒரு தாய், பின்னிரவுப் பணி முடிந்து வரும் மகனுக்காக மூடிவைத்த சோற்றுத் தட்டை அனுப்பி, ஊதாரி மைந்தனின் தந்தையை நினைவுகூர்ந்தார். இவற்றை நான் எள்ளவில்லை. தட்டைப் பார்த்தபோது சிறிது நேரம் என்னால் வேறு வேலை செய்ய இயலவில்லை. என் பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். என் வீட்டில் மூடிவைக்கத் தட்டுகள் பல உண்டு; வருவார்தாம் இல்லை.

குழுவை நடத்தும் இளம்பெண் சென்ற கிழமை அழைத்தாள்.

“ஆண்ட்டி, வெள்ளிக்கெழம உங்க டர்ன். மறந்துறாதீங்க லா.”

“எப்படிப்பட்ட படம் வேணும்மா?”

“சும்மா டெய்லி பாக்குறதுதான் ஆண்ட்டி. எந்தப் படத்துலயும் ஒரு பாடம் இருக்கும். நல்லாப் பாத்தா தெரியும்.”

இதே சொற்களை நான் முன்னமே வேறொருவர் வாய்வழிக் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது அகவை. லாபிஸ் ஊருக்கு வெளியே, தொடர்வண்டிப் பாதையை ஒட்டிய லயத்து வீடொன்றில் நாங்கள் குடியிருந்தோம். வண்டி கடக்கும்போதெல்லாம் அடுக்கிவைத்த ஈயக் குவளைகள் ஒன்றோடொன்று உரசிப் பேசிக்கொள்ளும். அம்மா உயிரோடிருந்த நாள்களில் அவ்வோசை கேட்டதும் எழுந்து குவளைகளைத் தள்ளித் தள்ளி வைப்பார். அவருக்குப் பிறகு எவரும் அதைச் செய்யவில்லை.

அப்பா தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்தில் வேலை பார்த்தார். பாதைக்கு அடியில் இடும் கட்டைகளின் கரிநெய் வாடை எத்தனை முறை கழுவினாலும் அவர் கைகளை விட்டு அகன்றதில்லை. அம்மா அருகிலிருந்த தோட்டத்தில் பால்மரம் வெட்டச் செல்வார். ஒருநாள் பால் பிடிக்கும் மங்கிலிருந்த ரப்பர்ப் பால் தெறித்து அவருடைய வலக்கண்ணில் விழுந்துவிட்டது. பார்வை போகவில்லை, ஆயினும் அக்கண்ணின் இமை பாதிக்குமேல் திறக்க மறுத்துவிட்டது. அன்றுமுதல் யார் அழைத்தாலும் தலையைச் சற்றே சாய்த்து, நல்ல கண்ணை முன்னிறுத்திப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. அறியாதார் அதைச் செருக்கென்று எண்ணியதுண்டு. எனக்கோ, அந்தச் சாய்வுதான் அம்மா.

எனக்கு ஒன்பது அகவையான ஆண்டின் அடைமழைக் காலத்தில் காய்ச்சல் கண்டு அவர் இறந்தார். நகரத்திலிருந்து சீனப் படக்காரர் ஒருவர் முக்காலியும் கறுப்புத் துணியும் சுமந்து வந்தார். இறந்தவரைப் பெட்டியில் கிடத்தி, உறவினர் சூழ நின்று படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் அந்நாளில் நம்மவரிடையே இருந்ததை நீங்கள் அறிவீர்கள். தமிழகத்திலிருக்கும் சுற்றத்தாருக்கு அனுப்பவும், பின்னாளில் ஒரு சான்றாக வைத்துக்கொள்ளவும் அது பயன்பட்டது. மழைமூட்டத்தால் வெளிச்சம் போதவில்லை. படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து, அசையாதீர்கள் என்று மலாயில் மீண்டும் மீண்டும் வேண்டினார்: “ஜாங்கான் கெராக். ஜாங்கான் கெராக்.” அப்பாவின் தோள்கள் குலுங்கின. அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். நானோ யாரை நோக்குவதென்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

படம் வந்தபோது, அதை வாங்கிய அத்தையின் முழங்கைக்குக் கீழே நின்று நான் ஒரே ஒருமுறை கண்டேன். எங்கள் அனைவரின் முகங்களும் புகைபோல் கலைந்திருந்தன. ஒருவர் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. படக்காரர் சொல்லைக் கேட்டவர் அம்மா ஒருவர்தாம்.

அத்தை உடனே அதைப் பழைய சேலையில் சுற்றித் தம் தகரப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார். அத்தை அப்பாவின் தமக்கை, கணவரை இழந்தவர், அம்மா இறந்தபின் எங்களுக்குச் சமைத்துப்போட வந்து, எங்களோடு தங்கிவிட்டார். தாம் சிரித்தால் வீட்டில் வேறேதேனும் கேடு நேர்ந்துவிடும் என்று அஞ்சுபவர்போல் எப்போதும் இறுகிய முகத்தோடிருப்பார்.

அம்மா உயிரோடு இருந்தபோது எடுத்த படமும் ஒன்று இருந்தது. அவருடைய அடையாள அட்டையில் ஒட்டியிருந்த சிறு படம் அது. இறப்பைப் பதியச் சென்றபோது அவ்வட்டையை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது சட்டம். அப்பா என்னையும் அழைத்துச் சென்றிருந்தார். எழுத்தர் அட்டையை வாங்கினார். ஒரு மூலையைக் கத்தரித்தார். மேசைக்கடியில் இருந்த பெட்டியில் போட்டார். அப்பாவின் கை நீட்டியபடியே சிறிது நேரம் நின்றது. வீட்டு வாயிலில் காலணியைக் கழற்றும்போதுதான் அத்தையிடம் சொன்னார்: “அதுல அவ படம் இருந்துச்சுக்கா. ஒரு காப்பி எடுத்துட்டுக் குடுத்திருக்கலாம். எனக்குத் தோணவே இல்ல.”

தவக்காலம் வந்தது. எங்கள் கோவில் பலகைச் சுவரும் துத்தநாகக் கூரையுமாகத் தோட்டத்து எல்லையில் நின்றது. குருவானவரான சாமி மாதம் ஒருமுறையே வருவார். மற்ற நாள்களில் செபம் சொல்லிக்கொடுப்பதும் வெள்ளி மாலைகளில் சிலுவைப்பாதையை நடத்துவதும் உபதேசியார் பொறுப்பு. அவர் தோட்டத்து மருந்தகத்தில் காயங்களுக்கு மருந்து கட்டுபவர். விரல்நுனிகள் எந்நேரமும் மஞ்சளாயிருக்கும். நல்ல மனிதர். ஆனால் எதைக் கண்டாலும் அதற்கொரு பொருள் உரைக்காமல் அவரால் இருக்க முடியாது.

அவ்வாண்டு அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. வெள்ளிதோறும் ஒரு வீட்டார் தம் வீட்டு நிழற்படம் ஒன்றைக் கோவிலுக்குக் கொண்டுவர வேண்டும். சிலுவைப்பாதை முடிந்ததும் அதைத் தூணில் மாட்டி, அதற்குள் ஒளிந்திருக்கும் ஞானப்பாடத்தை அவர் எடுத்துரைப்பார்.

“படம் இல்லாத வீடு கெடையாது. ஆண்டவர் இல்லாத படமும் கெடையாது,” என்றார். “நல்லாப் பாத்தா தெரியும். கொண்டாங்க, நான் காட்டுறேன்.”

வீடுகளின் முறையை அங்கேயே அறிவித்தார். குருத்து ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளி எங்களுடையது. பிறருக்குக் காட்டத்தக்க படம் எங்கள் வீட்டில் இல்லை; படம் இல்லாத வீடு இல்லை என்பது பொய் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அவர் சொன்ன மற்றதும் பொய்தானா என்று எண்ணி எண்ணி அஞ்சினேன். ஒன்பது அகவையில் தருக்கம் மிகக் கொடியது.

முதலில் தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் படம் வந்தது. உபதேசியார் ஆட்டக்காரர்களைத் தொட்டுத் தொட்டு எண்ணி, திருத்தூதர்களைப் பற்றித் தொடங்கினார்.

“பதினோரு பேருதான் இருக்காங்க, உபதேசியாரே,” என்றது பின்வரிசைக் குரலொன்று.

“யூதாசு போனப்புறம் எடுத்த படம்,” என்றார் அவர் தயங்காமல்.

“அப்ப கோலி யாரு, பேதுருவா? போன வாரம் ஆறு கோல் விட்டாரு.”

செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே பெண்கள் சிரித்தனர். அடுத்த வெள்ளியன்று மண்வெட்டுக் கங்காணி, மிதிவண்டியோடு தாம் நிற்கும் படத்தைக் கொணர்ந்தார். பின்னால் ஏரியும் மாளிகையும் தீட்டிய திரை. உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். “இந்த ஏரி, இந்த மாளிகை, எல்லாம் வெறும் சாயம். உலகத்து இன்பம் இப்படித்தான். நெசமானது இந்த சைக்கிள் ஒன்னுதான். உழைப்பு.”

கங்காணி மெல்லத் தொண்டையைச் செருமினார். “சைக்கிளும் அந்தப் படக்கட மொதலாளி தவுக்கேவோடதுதாங்க. படத்துக்காகக் குடுத்தாரு.”

சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. உபதேசியாரும் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும்; ஆனால் எங்கள் முறை நெருங்குகிறதே என்பதன்றி வேறெதுவும் அப்போது என் நினைவில் நிற்கவில்லை.

தோட்டத்து அலுவலகக் கணக்கரான கிராணியின் மகள் என் வகுப்புத் தோழி. கோவிலிலும் என் அருகேயே முழந்தாளிடுபவள். “ஒங்க வீட்டுல என்னா படம் காட்டப் போறீங்க? காலண்டரா?” என்று கேட்டாள்.

“எங்கம்மா படம் இருக்கு.”

“பெட்டியில படுக்கவச்சு எடுத்தாங்களே, அதுவா? அது சாவுப் படம்லா. எங்கம்மா சொன்னாங்க. அதெல்லாம் கணக்குல வராது.”

இதைவிடவும் என்னை வாட்டியது வேறொன்று. அதை எவரிடமும் நான் சொல்லவில்லை. அம்மாவின் முகம் எனக்கு மறந்துகொண்டிருந்தது. ஓரங்களிலிருந்து தொடங்கிற்று அம்மறதி. முதலில் காதுகள் எப்படி இருந்தன என்பது போயிற்று, பிறகு மோவாய். கண்களை இறுக மூடி அழைத்தால், தலையின் சாய்வு மட்டும் வரும், முகம் வாராது. சாய்வை வைத்து முகத்தைப் பிடித்துவிடலாம் என்று ஓர் உபாயம் கண்டேன். எங்கள் கோவிலின் வலப்புறத்தில் வியாகுல மாதாவின் சிறு சுரூபம் இருந்தது. அதுவும் தலை சாய்த்தே நிற்கும். வெள்ளிதோறும் அதன் நேரெதிரே முழந்தாளிட்டு, அம்மாவின் முகத்தை அதன்மேல் பொருத்திப் பார்ப்பேன். சிற்சில கணங்கள் அது பொருந்தியதுமுண்டு. செபிக்கிறாள் என்று பெரியோர் மெச்சினர்.

அந்தப் படத்தைக் காண வேண்டும் என்ற வேட்கை எனக்குப் பசிபோல் ஆயிற்று. ஒரு பிற்பகல், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தையின் எதிரே சென்று நின்றேன்.

“அத்தே, அம்மா படத்தக் குடுங்க.”

“எதுக்கு?”

“கோவில்ல காட்டணும். நம்ம மொற வருது.”

“அதையா? அதக் கொண்டுபோயி பீடத்துகிட்ட மாட்டுவாங்களா? சின்னப் புள்ள அதெல்லாம் பாக்கக் கூடாது. கனவுல வரும்.”

“வரட்டும் அத்தே.”

முறம் நின்றது. அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு முறத்தை மீண்டும் அசைத்தார். உமி காற்றில் பறந்தது. அவர் கல்மனத்தவர் என்றே பன்னாள் நான் எண்ணியிருந்தேன்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்திய பாடுகளின் ஞாயிறு வந்தது. அக்காலத் திருச்சபை மரபுப்படி, அந்நாள் முதல் உயிர்ப்புவரை சுரூபங்களையும் படங்களையும் ஊதாத் துணியால் போர்த்திவிடுவர். நான் அதை மறந்திருந்தேன். வழக்கம்போல் வலப்புறம் சென்று முழந்தாளிட்டு நிமிர்ந்தபோது, வியாகுல மாதா இருந்த இடத்தில் ஒரு மூட்டை நின்றது. துணிக்குள்ளிருந்து அந்தச் சாய்வு மட்டும் வெளித்தெரிந்தது, முகம் இல்லை. செபம் சொல்வோரின் வறண்ட ஓசை கூரையில் மோதித் திரும்பியது. சுற்றிலும் நின்ற அனைவருக்கும் அது வழக்கமான ஞாயிறு. அவ்வளவு தனிமையை நான் பின்னாளில், என் கணவரை அடக்கம் செய்த நாளில்கூட அறிந்ததில்லை.

அந்தக் கிழமையில் அப்பாவின் போக்கில் ஏதோ மாற்றம் இருந்தது. வேலை முடிந்ததும் நகரத்துக்குச் சென்று வந்தார். ஒருமுறை அவருடைய சட்டைக்குள் தட்டையான ஏதோவொன்று இருந்ததைக் கண்டேன். அத்தையின் பெட்டி திறந்து மூடும் ஓசையும் கேட்டது. என் உள்ளம் துள்ளியது. மனம் இரங்கிவிட்டார்கள், படத்துக்குச் சட்டம் போடக் கொண்டுபோகிறார்கள் என்று உறுதியாக நம்பினேன்.

வெள்ளி மாலை. அம்மாவின் அடக்கத்துக்குப் பின் கோவில் வாசலை மிதிக்காதிருந்த அப்பா, தலைக்கு எண்ணெய் தடவி, சலவைச் சட்டை அணிந்து, நாளிதழில் சுற்றிய சட்டகம் ஒன்றைக் கையில் ஏந்தி வந்தார். சிலுவைப்பாதை முடிந்தது. உபதேசியார் நாளிதழைப் பிரித்து, படத்தைத் தூணில் மாட்டி, விளக்கை உயர்த்திப் பிடித்தார்.

அது நான் கண்ட படம் அன்று. பெட்டியும் இல்லை, சுற்றத்தாரும் இல்லை. மார்பளவில் ஒரு பெண். தலை நிறையப் பூ. காதில் அம்மா ஒருநாளும் அணியாத தொங்கட்டான். தலை நேராக நிமிர்ந்திருந்தது. இரண்டு கண்களும் ஒன்றுபோல் அகலத் திறந்து எங்களை நோக்கின.

சீனப் படக்காரர் சாவுப் படத்திலிருந்து அம்மாவின் முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி, மூடிய இமைகளின்மேல் கண்களை வரைந்திருந்தார். அந்நாளில் படக்கடைகளில் இத்தகைய வேலை செய்வதுண்டு. குறை அவருடையதன்று. அம்மாவின் திறந்த கண்களை அவர் ஒருபோதும் கண்டதில்லை. எல்லோருக்கும் உரிய கண்களை அம்மாவுக்கும் அளித்துவிட்டார்.

“அப்படியே இருக்காளே,” என்றாள் ஒருத்தி.

“கண்ணப் பாருங்களேன், கூப்புட்டா பேசிருவா போல.”

உபதேசியார் விளக்கைப் படத்துக்கு இன்னும் அருகே கொண்டுபோனார். எல்லாச் சுரூபங்களும் மூடிக்கிடக்கும் நேரத்தில் இந்த ஒரு முகம் மட்டும் திறந்திருக்கிறது என்றார். மூடிய கண் மூடியபடியே போய்விடுவதில்லை, இதுதான் உயிர்ப்பு என்றார். அந்தத் தவக்காலத்தில் அவர் சொன்னவற்றுள் அதுவே சிறந்தது. பெண்கள் கண்களைத் துடைத்துக்கொண்டனர். கிராணியின் மகள் என் கையை மெல்லப் பற்றினாள்.

அப்பா என் பக்கத்தில் வந்து குனிந்தார். கரிநெய் வாடை, சவர்க்கார வாடையைத் தாண்டி வந்தது.

“அம்மாதானே பாப்பா?”

அவர் முகம் என் முகத்துக்கு மிக அருகே இருந்தது. அப்படி ஒரு வேண்டுதலை நான் எவர் கண்ணிலும் கண்டதில்லை.

“அம்மாதாம்ப்பா,” என்றேன்.

அவர் நிமிர்ந்து வெளியே சென்று, படிக்கட்டில் அமர்ந்து, பெருங்குரலெடுத்து அழுதார். படக்காரர் அசையாதீர்கள் என்று வேண்டிய அந்நாளில் அடக்கிக்கொண்ட அழுகை அது. ஆண்கள் சிலர் அருகில் சென்று நின்றனர். ஒருவர் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்துக் கையில் கொடுத்தார். அன்றிரவு அத்தை வீட்டுச் சுவரில் அப்படத்தை மாட்டி, தள்ளி நின்று பார்த்து, “இப்பத்தான் வீடு வீடா இருக்கு,” என்றார்.

உயிர்ப்புத் திருநாளில் ஊதாத் துணிகளை அகற்றினர். ஓடிச்சென்று வியாகுல மாதாவின் முன் முழந்தாளிட்டேன். சாய்வு இருந்தது. அதன்மேல் பொருத்த என்னிடம் முகம் இல்லை. கண்ணை மூடினால், தொங்கட்டான் அணிந்து நேரே நோக்கும் அந்தப் பெண்தான் வந்தாள். ஆனாலும் நான் முற்றிலும் நம்பிக்கை இழக்கவில்லை. அத்தையின் தகரப் பெட்டியின் அடியில், பழைய சேலைக்குள், உண்மையான படம் இருக்கிறது. நான் வளர்வேன். சாவைப் பார்க்கலாம் என்று பெரியோர் ஒப்பும் அகவை எனக்கும் வரும். அன்று அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். அந்த ஆண்டு முழுவதும் இந்த ஒரு நினைவை, வாயில் அடக்கிய கற்கண்டுபோல் வைத்திருந்தேன்.

மறுஆண்டுத் தவக்காலத்தின் தொடக்கம். நாம் இன்று திருநீற்றுப் புதன் என்கிறோம். அந்நாளில் விபூதிப் புதன் என்பதே வழக்கு. முந்திய ஆண்டில் மந்திரித்த குருத்தோலைகளை வீடுதோறும் பத்திரமாக வைத்திருந்து கோவிலுக்குக் கொண்டுவருவர். உபதேசியார் அவற்றைத் தகரமொன்றில் எரித்துச் சாம்பலாக்கி வைப்பார். புதன் மாலை சாமி வந்து அதை அர்ச்சித்து, எங்கள் நெற்றிகளில் சிலுவையாக இட்டார். அவருடைய பெருவிரல் கரடுமுரடாக இருந்தது. சாம்பல் துகளொன்று என் மூக்கில் விழுந்தது, ஊதித் தள்ளினேன்.

தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் வீடு திரும்பினோம். அப்பா முன்னே நடந்தார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, அரிசி பருப்பைப் பற்றிப் பேசுவதுபோல் இயல்பாகச் சொன்னார்.

“பெட்டியில இருந்துச்சே, அந்தப் படம். அதையும் குருத்தோலையோட சேத்துக் குடுத்துட்டேன்.”

எனக்கு விளங்கவில்லை. “எங்க குடுத்தீங்க?”

“எரிக்கிறதுக்குத்தான். உபதேசியாருக்குத் தெரியாது. ஓலைக்குள்ள சுத்தி வச்சேன். வீட்டுல வச்சிருந்தா ஒரு நாளு இல்லாட்டி ஒரு நாளு நீ எடுத்துப் பாத்துருவ. கிழிச்சுப் போடவும் மனசு வரல, அடுப்புல போடவும் மனசு வரல. மந்திரிச்ச ஓலையோட போனா அது மரியாததான?”

நான் நின்றுவிட்டேன்.

“அதான் நல்ல படம் வந்துருச்சுல்ல,” என்றார் அத்தை. “நீதான சொன்ன, அம்மாதான்னு.”

தொலைவில் வண்டி வரும் அதிர்வு தண்டவாளத்தில் ஏறிற்று. அத்தை என்னை இழுத்துத் தம் உடலோடு அணைத்துக்கொண்டார். வண்டி கடந்து முடியும்வரை அவர் விடவில்லை. அவர் நெற்றியிலும் சாம்பல் இருந்தது, அப்பாவின் நெற்றியிலும், கிராணி குடும்பத்தாரின் நெற்றிகளிலும், மிதிவண்டி இல்லாத கங்காணியின் நெற்றியிலும். அம்மா அத்தனை பேர் மேலும் சிறிது சிறிதாகப் பரவியிருந்தார். அவரை முழுவதுமாக வைத்துக்கொள்ள விரும்பியவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலை நான் முகம் கழுவ மறுத்தேன். பள்ளிக்கு இப்படியா போவாள் என்று அத்தை ஈரத் துணியோடு என்னைத் துரத்தினார். வாயிலில் காலணி மாட்டிக்கொண்டிருந்த அப்பா என் நெற்றியைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார்.

“விடுக்கா,” என்றார். “இருக்கட்டும்.”

அந்தச் சொல்லின் பொருள் எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கிற்று. கண்ணில் பால் தெறித்த அன்று, அம்மாவின் தலையைத் தம் மடியில் கிடத்தி, குவளை குவளையாக நீர் ஊற்றிக் கழுவியவர் அப்பாதான். எந்தக் கண் பாதி மூடியது என்பது என்னைவிட அவருக்கன்றோ நன்கு தெரியும்? தூணில் மாட்டிய படத்தைக் கண்ட கணத்திலேயே அவரும் அறிந்திருப்பார். அறிந்ததனால்தான் என்னிடம் கேட்டார். எனக்காக அவர் வாங்கி வந்த பொய்யை, அவருக்காக நான் ஏற்றுக்கொண்டேன். அதன்பின் அவர் வாழ்ந்த காலமெல்லாம் ஒரே கூரையின்கீழ் இருந்தும் அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. என்மேல் அன்பு இல்லாதவர் அவ்வீட்டில் எவரும் இருந்ததில்லை. ஆனாலும் நான் தனித்துத்தான் வளர்ந்தேன்.

அந்தப் படம் இப்போது என் ஸ்கூடாய் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்த மகன் அதைத் தன் கைப்பேசியில் பதிந்துகொண்டு போனான். சில நாள்களில், அப்படத்தைக் கணினியால் அசையவைத்த காணொளி ஒன்று வந்து சேர்ந்தது. வரைந்த கண்கள் இமைத்தன. உதடுகள் விரிந்து புன்னகை செய்தன. தலை மெல்லத் திரும்பிற்று, சாயவில்லை. “பாத்தீங்களாம்மா? பாட்டி சிரிக்கிறாங்க,” என்று கீழே எழுதியிருந்தான். அவன் எத்தனை மாலைகளை அதற்குச் செலவிட்டானோ. “பார்த்தேன் ஐயா. என் அம்மாவேதான்,” என்று மறுமொழி எழுதினேன்.

குழுப் பெண் கேட்ட படத்துக்கு வருகிறேன். இவ்வாண்டுத் திருநீற்றுப் புதனன்று வீடு திரும்பியதும், முகம் கழுவுமுன் நிலைக்கண்ணாடியின் எதிரே நின்று என் நெற்றியை நானே படமெடுத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியவில்லை. அம்மா வாழ்ந்த அகவையின் இருமடங்குக்கு மேல் நான் வாழ்ந்துவிட்டேன். என் கை நடுங்குகிறது. இன்று வெள்ளிக்கிழமை. காலையில் அதைக் குழுவுக்கு அனுப்பினேன். பாடம் ஏதும் எழுதவில்லை.

சிறிது நேரத்தில் அவள் அழைத்தாள்.

“ஆண்ட்டி, போட்டோ ஆடிப்போச்சு. மூஞ்சியே தெரியல, ஒரே பொகயா இருக்கு. வேற ஒன்னு எடுத்து அனுப்புறீங்களா? நான் வெய்ட் பண்றேன்.”

“அசையாம நிக்க எனக்கு இன்னும் வரல, கண்ணு,” என்றேன். “இருக்கட்டும்.”